முத்திரையிட்டுச் செல்லும் கோப்புகள்

நுழையும்முன்

களத்தில் குவிந்த நெல் மூட்டைகளாகி வண்டியேறிச் செல்வதைக் கண்ணால் காண்கிறோம். அந்நெல்லுக்குரிய விலை எவ்வழியே உழவரின் கணக்கை வந்தடைகிறது என்பதை எவரும் காண்பதில்லை. பெயர், கணக்கு எண், தொகை ஆகியவை அடங்கிய கோப்பு ஒன்று கணினிகள் பலவற்றைக் கடந்து பயணம் செய்கிறது. அக்கோப்பை இடைவழியில் எவரும் படித்துவிடாமலும் மாற்றிவிடாமலும் காப்பது எப்படி? விடை தேடப் புகுந்தால், இலக்கணத்தில் பயின்ற குழூஉக்குறியும் மாட்டுச் சந்தையில் தரகர் தோளில் கிடக்கும் துண்டும் நமக்குத் துணையாக வருகின்றன.

நெல்லின் வழியும் பணத்தின் வழியும்

குறுவை அறுவடையானாலும் சம்பா, தாளடி அறுவடையானாலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சாலையோரங்கள் நெல்லால் நிறைந்துவிடுகின்றன. உழவர்கள் தம் நெல்லைத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குக் கொண்டு வருகின்றனர். அங்கே ஈரப்பதம் அளக்கப்படுகிறது, நெல் தூற்றப்படுகிறது, 40 கிலோ மூட்டைகளாக எடையிடப்பட்டுச் சாக்கின் வாய் தைக்கப்படுகிறது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் விவரங்கள் பதிவாகின்றன. நெல்லுக்குரிய தொகை உழவரின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

'வரவு வைக்கப்படுகிறது' என்று இரண்டே சொற்களில் முடித்துவிட்டோம். உண்மையில் அச்சொற்களுக்குள் நெடும்பயணம் ஒன்று அடங்கியுள்ளது. இத்தகைய பணவழங்கல் எதுவாயினும் அதன் பொது அமைப்பு இதுதான்: பதிவு செய்யும் கணினி ஓரிடத்தில் இருக்கும்; கணக்கைத் தொகுக்கும் கணினி வேறோரிடத்தில் இருக்கும்; பணம் அனுப்பும் வங்கியின் கணினி ஒன்று, பெறும் வங்கியின் கணினி மற்றொன்று. அவை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நிறுவனத்தாரால், வெவ்வேறு மென்பொருள்கொண்டு அமைக்கப்பட்டவை. ஒன்று தேதியை நாள், மாதம், ஆண்டு என எழுதும். மற்றொன்று ஆண்டை முதலில் எழுதும். ஒன்று பெயரைத் தமிழில் வைத்திருக்கும். மற்றொன்று ஆங்கில எழுத்துகளையே ஏற்கும். இவற்றிற்கு இடையில் நின்று, ஒன்றன் மொழியை மற்றொன்றுக்குப் பெயர்த்து, உரியதை உரிய இடத்திற்கு அனுப்பிவைப்பது ஒருங்கிணைப்பு மென்பொருள்.

கல்லணையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். மேட்டூரிலிருந்து வரும் நீரைப் பெற்று, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என அது பிரித்தனுப்புகிறது. எந்நாளில் எந்த மதகை எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு முறை உண்டு. அணை நீரை உண்டாக்குவதுமில்லை, பருகுவதுமில்லை, வழிப்படுத்துகிறது. ஒருங்கிணைப்பு மென்பொருளும் அவ்வாறே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வாய்க்காலில் ஓடும் நீரை வழியிலுள்ளோர் பார்ப்பதனால் எக்கேடும் இல்லை. கோப்பில் ஓடும் செய்தியைப் பார்ப்பதனால் கேடு உண்டு. ஓர் இலக்கத்தை மாற்றினால் பெருங்கேடு உண்டு.

ஒரு குத்தகை உழவரின் நிலையை எண்ணுங்கள். குறுவை நெல் விற்ற பணம் வந்தால்தான் கூட்டுறவுச் சங்கத்துக் கடனைக் கட்டலாம்; கடனைக் கட்டினால்தான் தாளடிக்கு விதையும் உரமும் வாங்கலாம். கோப்பின் ஒரு வரியில் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் மாற்றப்பட்டால், அவர் உழைத்த பணம் முன்பின் அறியாத ஒருவரின் கணக்கில் போய் விழும். பிழையைக் கண்டு மீட்பதற்குள் நடவுப் பருவம் கடந்துவிடும். ஆறு ஒருவருக்காகக் காத்திருப்பதில்லை.

பொதி சுமக்கும் விலங்குகள்

ஒருங்கிணைப்பு மென்பொருள்கள் பலவற்றின் மூல நிரல்கள் எவரும் படிக்கவும், திருத்தவும், பயன்படுத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. இவற்றைத் திறமூல மென்பொருள்கள் என்கிறோம். 2003ஆம் ஆண்டில் ராஸ் மேசன் என்பார் தொடங்கியது 'மியூல்'. அச்சொல்லுக்குக் கோவேறு கழுதை என்பது பொருள். கணினிகளை இணைப்பதில் மனிதர் சுமக்கும் சலிப்பூட்டும் சுமையை மென்பொருள் சுமக்கட்டும் என்னும் கருத்தில் இட்ட பெயர் அது. 2007இல் அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் 'கேமல்', அதாவது ஒட்டகம், வெளிவந்தது. உப்புப் பொதி சுமந்த விலங்குகளின் பின்னே நடந்த உமணர்களைச் சங்க இலக்கியத்தில் கண்ட நமக்கு இப்பெயர்கள் அயலாகத் தோன்றவில்லை.

நம் அண்டை நாடான இலங்கையின் பங்கும் இத்துறையில் பெரிது. சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் 2005இல் தொடங்கிய 'டபிள்யு.எஸ்.ஓ.2' நிறுவனம் கொழும்பில் வேரூன்றி, உலகின் பல நாடுகளில் பயன்படும் திறமூல ஒருங்கிணைப்பு மென்பொருளை உருவாக்கியது. இம்மென்பொருள்கள் எல்லாம் கோப்பை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைக்க வல்லவை. எவ்வழியாக எடுத்துச் செல்வது என்பதை அமைப்பவரே தீர்மானிக்க வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

அஞ்சலட்டையாகச் சென்ற கோப்பு

கணினிகளுக்கிடையே கோப்பை அனுப்பும் முறைக்கு முதன்முதலில் விதி வகுத்தவர் ஓர் இந்தியர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவரான அபய் பூஷண், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றுகொண்டிருந்தபோது, 1971 ஏப்ரலில் அவ்விதிகளை எழுதினார். 'எஃப்.டி.பி.' எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை அதுவே. அன்றைய வலைப்பின்னலில் இணைந்திருந்த கணினிகள் மிகச் சில. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். எனவே மறைவு தேவைப்படவில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கோப்பின் உள்ளடக்கமும் எழுதியவாறே கம்பிவழிச் சென்றன. அஞ்சலட்டையில் எழுதிய செய்தியைத் தபால்காரர் படிக்கலாம். வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டாரும் படிக்கலாம். எஃப்.டி.பி.யும் அத்தகையது.

வலைப்பின்னல் உலகமெங்கும் விரிந்த பின்னும் அவ்வஞ்சலட்டை முறை தொடர்ந்தது. 1995இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் எவரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திரட்டினர். அதனைக் கண்டு வெகுண்ட ஆய்வாளர் தாத்து யுலேனன், கணினிக்கும் கணினிக்கும் இடையிலான உரையாடல் முழுவதையும் மறைத்துச் செலுத்தும் 'எஸ்.எஸ்.எச்.' என்னும் பாதுகாப்பு நெறிமுறையை அவ்வாண்டிலேயே எழுதி வெளியிட்டார். அதன்மீது அமைந்த கோப்புப் பரிமாற்ற முறையே 'எஸ்.எஃப்.டி.பி.'

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைக் கண்டிருப்பீர்கள். தரகரும் வாங்குபவரும் கைகளைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொள்வர். விரல்களைத் தொட்டும் மடக்கியும் விலை பேசப்படும். சுற்றி நிற்பவர்க்குத் துண்டு தெரியும், விலை தெரியாது. எஸ்.எஃப்.டி.பி. இத்துண்டை ஒத்தது. கணினிகள் இரண்டும் பேசிக்கொள்கின்றன என்பதை வழியிலுள்ளவன் அறியலாம். பேசுவது யாது என்பதை அறிய முடியாது.

ஆனால் துண்டுக்குள் நுழைந்த கை யாருடையது? இவ்வினாவைப் பலர் கேட்பதேயில்லை. வங்கியின் கணினி எனத் தன்னைக் காட்டிக்கொள்ளும் வேறொரு கணினியுடன் நம் மென்பொருள் கைகோத்துவிட்டால், துண்டு எவ்வளவு தடிப்பாக இருந்தும் பயனில்லை. இதற்காகவே ஒவ்வொரு சேவையகத்திற்கும் தனித்த அடையாளத் திறவுகோல் ஒன்று உண்டு. அதன் சுருக்க வடிவத்தை முன்கூட்டியே வேறு வழியில் கேட்டறிந்து, ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். சில மென்பொருள்களில் இச்சரிபார்ப்பு தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கும். அமைப்பவர் நினைவாக அதனை இயக்க வேண்டும். 'இணைப்புக் கிடைத்துவிட்டது' என்ற மகிழ்ச்சியில் அதனை மறந்துவிடுவது இத்துறையில் மலிந்த குறை.

இன்னொன்றும் கருதத் தக்கது. பேரம் முடிந்ததும் துண்டு விலகிவிடும். எஸ்.எஃப்.டி.பி. வழிச் சென்ற கோப்பு, சேரிடத்தை அடைந்தவுடன் வெற்றுக் கோப்பாக வட்டில் கிடக்கும். அவ்வட்டைத் திறக்கும் உரிமையுடையோர் எல்லாரும் அதனைப் படிக்கலாம். இடையில் ஒருங்கிணைப்பு மென்பொருள் தங்க வைத்த இடத்திலும் அதே நிலைதான். 2023ஆம் ஆண்டு மே மாதம் 'மூவிட்' என்னும் கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் குறையொன்றைப் பயன்படுத்திக் 'கிளாப்' என்ற கும்பல் உலகெங்கும் பல நிறுவனங்களின் கோப்புகளைக் கவர்ந்தது. கோப்புகள் பயணம் செய்த வழி மறைவாகவே இருந்தது. கும்பல் வழியை மறிக்கவில்லை. கோப்புகள் வந்து தங்கிய சத்திரத்தின் பின்கதவைத் திறந்து நுழைந்தது.

பூட்டைப் பலருக்கும் கொடுத்தல்

ஆகவே வழியை மறைப்பதோடு கோப்பையே மறைத்தல் வேண்டும். இதனை மறையாக்கம் என்பர். மீளத் திறப்பது மறைநீக்கம். பழைய முறையில் இரண்டிற்கும் ஒரே திறவுகோல். தஞ்சாவூரில் பூட்டிய பெட்டியைச் சென்னையில் திறக்க வேண்டுமாயின், திறவுகோலையும் எவ்வாறோ அனுப்பியாக வேண்டும். பெட்டியைக் களவாடுபவன் திறவுகோலையும் களவாடலாமே! பல நூற்றாண்டுகளாகத் தீராதிருந்த இச்சிக்கலுக்கு 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அறிஞர் இருவர் வழி காட்டினர். மறுஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அதற்கு நடைமுறை வடிவம் தந்தனர். மூவரின் பெயர் முதலெழுத்துகளே 'ஆர்.எஸ்.ஏ.' முறையின் பெயராயின.

அம்முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு திறவுகோல்கள். பொதுத் திறவுகோலை ஊரறியக் கொடுத்துவிடலாம். அது பூட்ட மட்டுமே பயன்படும். தனித் திறவுகோல் உரியவரிடம் மட்டும் இருக்கும், அதுவே திறக்கும். நாதாங்கியை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பூட்டுகளை வங்கி ஊரெங்கும் வழங்கிவிட்டு, திறவுகோலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது போன்றது இது.

சிறு எண்களால் இதனைச் செய்தே பார்க்கலாம். 3, 11 என்னும் பகா எண்களைத் தேர்ந்து பெருக்கினால் 33. வங்கி '33, 3' என்னும் இணையைப் பொதுத் திறவுகோலாக அறிவிக்கிறது. 7 என்பதைத் தனித் திறவுகோலாகத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. 7 எவ்வாறு வந்தது? ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்றைக் குறைத்து, 2, 10 எனக் கொண்டு பெருக்கினால் 20. மூன்றுடன் எதனைப் பெருக்கி 20ஆல் வகுத்தால் மீதி 1 வருமோ அந்த எண் 7. இப்போது நாம் 4 என்னும் எண்ணை மறைத்து அனுப்ப விரும்புகிறோம். 4ஐ மும்முறை பெருக்க 64. 33ஆல் வகுக்க மீதி 31. வழியில் செல்வது 31 மட்டுமே. வங்கி 31ஐ ஏழு முறை பெருக்கி 33ஆல் வகுக்கும். 31 என்பது 33இல் இரண்டு குறைவு. ஆகவே −2ஐ ஏழு முறை பெருக்கினால் போதும். கிடைப்பது −128. அதனுடன் 33இன் மடங்கான 132ஐக் கூட்ட, 4 மீண்டு வருகிறது.

33ஐக் கண்டவுடன் அதன் காரணிகள் 3, 11 என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். காரணிகளை அறிந்தால் தனித் திறவுகோலையும் கணக்கிட்டுவிடலாம். எனவே நடைமுறையில் 2048 பிட் நீளமுள்ள எண்கள் கையாளப்படுகின்றன. பத்தடிமானத்தில் எழுதினால் அவ்வெண்ணில் 617 இலக்கங்கள் இருக்கும். அத்தகைய எண்ணைக் காரணிப்படுத்த இன்றைய கணினிகளால் இயலவில்லை. இம்முறையின் காவல் முழுவதும் இந்த இயலாமையின்மீதுதான் நிற்கிறது.

எண்ணியல் என்றவுடன் கும்பகோணம் நம் நினைவுக்கு வரும். இராமானுசன் மறையாக்கத்தைக் கண்டுபிடித்தார் என்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு; அது பிழை. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே ஆர்.எஸ்.ஏ. பிறந்தது. ஆனால் அவர் முன்வைத்த கருதுகோள் ஒன்றை அடியொற்றி 1988இல் 'இராமானுசன் வரைபடங்கள்' என்னும் கணித அமைப்புகள் வரையறுக்கப்பட்டன. அவற்றைக்கொண்டு கோப்புகளுக்குச் சுருக்கெண் காணும் வழியைப் பின்வந்தோர் முன்மொழிந்துள்ளனர். பயன்கருதாது செய்த கணிதம் பிறிதொரு காலத்தில் எங்கோ பயன்படுகிறது. இதுவே போதிய பெருமை; மிகைப்படுத்த வேண்டியதில்லை.

ஆர்.எஸ்.ஏ. கணக்கீடு மெதுவானது. பெரிய கோப்பு முழுவதையும் அதனால் மறைப்பது வீண்சுமை. எனவே 2001இல் தரப்படுத்தப்பட்ட 'ஏ.இ.எஸ்.' என்னும் விரைவான ஒற்றைத் திறவுகோல் முறையால் கோப்பை மறைத்து, அவ்வொற்றைத் திறவுகோலை மட்டும் பெறுநரின் பொதுத் திறவுகோலால் பூட்டி, கோப்புடன் சேர்த்தனுப்புவர். 1991இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட 'பி.ஜி.பி.' மென்பொருள் இக்கூட்டு முறையை மக்களிடம் கொண்டு சேர்த்தது. அதன் வழிவந்த திறந்த தரத்தைக் கேமல் போன்ற ஒருங்கிணைப்பு மென்பொருள்கள் இன்று தம்முள் கொண்டுள்ளன. கோப்பை எடு, பெறுநரின் பொதுத் திறவுகோலால் மறை, எஸ்.எஃப்.டி.பி. வழி அனுப்பு என்று சில வரிகளில் கட்டளையிட்டால் போதும். பெட்டியும் பூட்டப்பட்டிருக்கும், மேலே துண்டும் போர்த்தப்பட்டிருக்கும்.

குழூஉக்குறியும் திறந்த நிரலும்

மூல நிரலை ஊரறியத் திறந்து வைத்துவிட்டு இரகசியத்தைக் காப்பது எப்படி? வகுப்பில் தவறாது எழும் வினா இது, நல்ல வினாவும்கூட.

தகுதி வழக்கில் குழூஉக்குறியைப் பயின்றுள்ளீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று தமக்குள் வழங்குவது அதற்கு எடுத்துக்காட்டு. வாங்க வந்தவர்க்கு அச்சொல் விளங்காத வரையில் மறைவு நிலைக்கும். ஒருவர் அறிந்துவிட்டால்? ஊர் முழுதும் அறிந்துவிடும். பிறகு அக்கூட்டத்தார் அனைவரும் புதுச்சொல் தேட வேண்டும். அன்றியும் அச்சொல் இலக்கண நூல்களில் எடுத்துக்காட்டாகவே ஏறிவிட்டது! முறையையே மறைவாகக் கொண்டதன் குறை இது.

1883இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பார் இதற்கு மாற்றாக ஒரு நெறியை வகுத்தார். மறைக்கும் முறை பகைவர் கையில் சிக்கினாலும் கேடு வராதிருக்க வேண்டும். மறைவாக இருக்க வேண்டியது திறவுகோல் ஒன்றே. அவர் மொழிப் பேராசிரியராகவும் விளங்கியவர் என்பது மொழி கற்பிக்கும் எங்களுக்குச் சிறு மகிழ்ச்சி. திறமூல மென்பொருள் இந்நெறியின்மீது நிற்கிறது. பூட்டின் அமைப்பை எவரும் ஆராயலாம். குறை கண்டவர் சொல்லலாம். திறவுகோல் மட்டும் உரியவரிடம் இருக்கும்.

திறந்திருப்பதாலேயே குறைகள் உடனுக்குடன் வெளிப்பட்டுவிடும் என்றும் எண்ணிவிடலாகாது. 'ஓபன்எஸ்எஸ்எல்' என்னும் திறமூல நிரலில் 2012இல் புகுந்த பிழையொன்று 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. ஈராண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் அது கிடந்தது. மறுபுறம், 2024 மார்ச் மாதத்தில் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். 'எக்ஸ்இசட்' என்னும் சிறு மென்பொருளில், நெடுநாள் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் வேண்டுமென்றே கள்ளக்கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். எஸ்.எஸ்.எச். வழியாகக் கணினிகளுக்குள் நுழைவதே அதன் நோக்கம். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் சோதனைகளின்போது உள்நுழைவு அரை நொடி காலம் தாழ்வதைக் கண்டார். அரை நொடிதானே என்று விடவில்லை. நிரல் திறந்திருந்ததனால் அவரால் உள்ளே புகுந்து தேட முடிந்தது, கதவும் அகப்பட்டது.

களத்துக் குறியும் புலி முத்திரையும்

படிக்க முடியாமல் செய்வது வேறு. மாற்ற முடியாமல் செய்வது வேறு. நம் களங்களில் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். தூற்றிக் குவித்த நெல்லை அன்றே அளக்க இயலாவிட்டால், குவியலின்மேல் சாணிப்பாலோ சாம்பலோ கொண்டு குறியிட்டு வைப்பர். நெல் மறைக்கப்படவில்லை, எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் ஒரு மரக்கால் அள்ளினாலும் சரிந்த நெல் குறியைக் குலைத்துவிடும். காலையில் வந்து பார்ப்பவருக்கு இரவில் நடந்தது விளங்கும்.

கோப்புக்கும் இத்தகைய குறி உண்டு. கோப்பின் எழுத்துகள் அனைத்தையும் ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தி, குறித்த நீளமுள்ள ஓர் எண்ணைப் பெறுவர். இது சுருக்கெண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சுருக்கெண் முற்றிலும் மாறிவிடும். ஆயினும் களவாடுபவன் நெல்லை அள்ளிவிட்டுத் தானே புதுக்குறி இட்டுவிட்டால்? அவ்வாறே கோப்பை மாற்றியவன் புதுச் சுருக்கெண்ணையும் கணக்கிட்டு இணைத்துவிடலாம். ஆகவே குறியிட்டவர் இன்னார் என்பதும் உறுதிப்பட வேண்டும்.

சோழர் இதனைச் செப்பேட்டில் செய்து காட்டினர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடுகள் 21 ஏடுகளைக் கொண்டவை. ஏடுகளைக் கோத்த வளையத்தின் வாயில் புலி, இரு கயல், வில் ஆகியன பொறித்த அரச முத்திரை உள்ளது. முத்திரையை உடைக்காமல் இடையில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ இயலாது. அம்முத்திரையை இட அரசனுக்கன்றிப் பிறருக்கு உரிமையும் இல்லை. மாற்றமின்மையும் உரிமையாளரின் அடையாளமும் ஒரே வளையத்தில் அமைந்துவிட்டன. இன்றைய மின்னணுக் கையொப்பம் இதே இரண்டு பணிகளைச் செய்கிறது. அனுப்புநர் கோப்பின் சுருக்கெண்ணைத் தம் தனித் திறவுகோலால் முத்திரையிடுகிறார். பெறுநர் அனுப்புநரின் பொதுத் திறவுகோலால் அதனைச் சரிபார்க்கிறார். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இக்கையொப்பத்திற்குச் சட்ட ஏற்பு வழங்கியுள்ளது. முன்னர்ச் சொன்ன கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் மாறிவிட்டால், அதனைக் காட்டிக்கொடுப்பது மறையாக்கம் மட்டுமன்று, பெரிதும் இக்கையொப்பமே.

ஆதார்ப் பொதியின் பயணம்

மேற்கூறியவை அனைத்தும் ஒன்றுகூடி இயங்கியதற்கு நம் நாட்டிலேயே மாபெரும் எடுத்துக்காட்டு உண்டு. 2010 செப்டம்பரில் ஆதார் எண் வழங்கல் தொடங்கியது. நீங்களும் பதிவு மையம் ஒன்றில் அமர்ந்து, பத்து விரல்களையும் கருவியில் பதித்து, கருவிழிப் படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அவ்விவரங்கள் அனைத்தும் ஏறத்தாழ 5 மெகாபைட் அளவுள்ள ஒரு பொதியாகத் திரட்டப்படுகின்றன. பதிவு முடிந்தவுடன் அம்மடிக்கணினியிலேயே, ஆணையத்தின் 2048 பிட் பொதுத் திறவுகோலைக்கொண்டு பொதி மறையாக்கம் செய்யப்படுகிறது. பதிவு செய்த பணியாளரே அதன்பின் அதனைத் திறக்க முடியாது. திறக்கும் தனித் திறவுகோல் அவரிடம் இல்லை.

இந்த ஏற்பாட்டின் நயம் இணையம் எட்டாத ஊர்களில் விளங்கும். பொதியை நினைவகத் துண்டில் படியெடுத்து, இணைய வசதியுள்ள இடத்திற்கு எடுத்துச் சென்றும் அனுப்பலாம். துண்டு வழியில் தொலைந்தாலும் கண்டெடுத்தவருக்குப் பயன் இல்லை. அங்கிருந்து எஸ்.எஃப்.டி.பி. வழியே தரவு மையத்தை அடைகிறது. வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தூதுவனின் பண்பே அங்குப் பெரிதும் பேசப்படுகிறது. இங்கோ தூதுவன் எத்தகையவனாயினும் செய்திக்குத் தீங்கில்லை.

நாளொன்றுக்கு 10 லட்சம் பதிவுகளைக் கையாளும் நோக்கில் அம்மையம் அமைக்கப்பட்டது. அதாவது நாள்தோறும் ஏறத்தாழ 5 டெராபைட். பொதியைச் சரிபார்த்தல், திறத்தல், ஒருவரே இருமுறை பதிந்தாரா என ஒப்பிடுதல், எண் வழங்குதல் எனப் பணி பல படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டது. படிநிலைகளை ஒழுங்குபடுத்தி நடத்த மியூல் என்னும் திறமூல மென்பொருளும், பணிகளை வரிசையில் நிறுத்த 'ராபிட்எம்கியூ' என்னும் மற்றொன்றும் பயன்பட்டதை அதனை வடிவமைத்த பொறியாளர்கள் பொது அரங்குகளில் விளக்கியுள்ளனர். கோவேறு கழுதை உண்மையாகவே பொதி சுமந்தது.

இருப்பினும், பூட்டிய பெட்டி என்றேனும் திறக்கப்பட்டே ஆக வேண்டும். திறந்த பின் காப்பது மென்பொருளன்று, மனிதர். 2017இல் சில அரசு இணையதளங்களில் பயனாளிகளின் ஆதார் எண்கள் வெளிப்படையாகக் கிடந்தன. எவரும் மறையாக்கத்தை உடைக்கவில்லை. பட்டியலை எவரோ அப்படியே வெளியிட்டிருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 24 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

ஒருங்கிணைப்பு மென்பொருளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். தேதியின் வடிவை மாற்றவோ பெயரை ஒலிபெயர்க்கவோ அது கோப்பைத் திறந்தாக வேண்டும். அந்நேரத்தில் எழுதப்படும் இயக்கக் குறிப்பேட்டில் கணக்கு எண் முழுமையாகப் பதிவாகிவிடுவதுண்டு. தனித் திறவுகோலை மறைத்த கோப்பு இருக்கும் அதே உறையிலேயே வைத்திருப்பதும் உண்டு. வீட்டைப் பூட்டித் திறவுகோலை வாசற்படியின் மேல்விளிம்பில் வைத்துச் செல்வதற்கு நிகர் அது. திறக்கத் தேவையில்லாத பொதியைத் திறக்காமலே கடத்துவதுதான் நல்ல அமைப்பு. உறையின்மேல் எழுதிய முகவரியைக் கொண்டே வழிப்படுத்திவிடலாம்.

திறவுகோலுக்கும் வயது உண்டு. நெற்கதிரை அறுத்துப் போராக அடுக்கி வைத்துப் பின்னொரு நாள் அடிப்பது நம் வயல்களின் வழக்கம். இன்று திறக்க முடியாத மறைகோப்புகளை அள்ளிச் சேர்த்து வைத்து, வலிமைமிக்க குவாண்டம் கணினிகள் வரும் நாளில் திறந்துகொள்ளலாம் எனக் காத்திருப்போரும் இருக்கக்கூடும். குவாண்டம் கணினி போதிய வளர்ச்சி பெற்றால் 617 இலக்க எண்ணையும் காரணிப்படுத்திவிடும் என்பது கணிதவழி நிறுவப்பட்டது. ஆகவே, திறமூல எஸ்.எஸ்.எச். மென்பொருளான 'ஓபன்எஸ்எஸ்எச்' 2022 ஏப்ரலில் வெளிவந்த பதிப்பிலிருந்தே அதனையும் தாங்கும் கூட்டு முறையைத் தன் இயல்பு அமைப்பாக்கிக்கொண்டது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் இத்தகைய புதிய முறைகளுக்கான முதல் மூன்று தரங்களை வெளியிட்டது. பழைய பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியன பொருத்தும் வேலை உலகெங்கும் நடந்துகொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. '33, 3' என்னும் பொதுத் திறவுகோலைக்கொண்டு 5 என்னும் எண்ணை மறையாக்கம் செய்க. விடை 26 என வருகிறதா எனச் சரிபார்த்து, 7 என்னும் தனித் திறவுகோலால் மீண்டும் 5ஐப் பெறுக.

2. உங்கள் ஊரில் வணிகர், தரகர், கைவினைஞர் ஆகியோரிடையே வழங்கும் குழூஉக்குறிகளைக் கேட்டறிந்து, அவற்றுள் இன்று மறைவு நீங்கியவை எவை என வகுப்பில் கலந்துரையாடுக.